நாற்பத்து மூன்று பேருக்கு ஜுரம்

பால் பாத்திரத்தை இப்படி அடிப்பிடிக்க விட்டது யார் என்று கத்தலாம்தான், ஆனால் விட்டது நானே. அடுப்பில் வைத்துவிட்டு குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஓட்டு எத்தனை ஆகியிருக்கிறது என்று போனைப் பார்த்தேன், எழுபத்தொன்று, நிமிர்வதற்குள் பால் பொங்கி, அடங்கி, கருகி, இப்போது கம்பி நாரை வைத்து எவ்வளவு அழுத்தினாலும் நடுவில் ஒரு தோசை அளவுக்குக் கறுப்பு அசைய மாட்டேன் என்கிறது. காலை மணி பத்து ஐந்து. பதினொன்றுக்கு ஓட்டெடுப்பு முடிகிறது. ஐம்பத்தைந்து நிமிஷம், சிங்க் நிறையப் பாத்திரம், இடுப்பில் ஒரு பிடிப்பு. ஒன்பது நாளாக இந்தக் குடியிருப்பில் வீட்டு வேலைக்கு ஒருத்தியும் வரவில்லை. வேலைநிறுத்தம் என்று யாரும் சொல்லவில்லை, அதுதான் அழகு. கொடியில்லை, கோஷமில்லை, வாசலில் உட்காரவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நாற்பத்து மூன்று பெண்களுக்கும் ஒரே நேரத்தில் ஜுரம் வந்துவிட்டது. ஏ பிளாக்கிலிருந்து டி பிளாக் வரைக்கும் இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டிலும் போன் போட்டுக் கேட்டால் ஒரே பதில், உடம்புக்கு முடியலம்மா. முடியவில்லை என்று அவர்கள் சொல்ல, இங்கே நமக்குத்தான் முடியாமல் போயிற்று. நம் சங்கச் செயலாளர் சபேசன் சும்மா இருப்பாரா, தீர்மானம் போட்டுவிட்டார்: நாற்பத்து மூன்று பேருடைய கேட் கார்டையும் ரத்து செய்வது, சீருடை போட்ட ஆட்களை அனுப்பும் கம்பெனி ஒன்றுக்கு மொத்த வேலையையும் கொடுப்பது. சம்மதமா, இல்லையா? நூற்றேழு சம்மதம் விழுந்தால் முடிந்தது. செம்மஞ்சேரியிலிருந்து காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பி வருகிற அத்தனை பேருக்கும் நாளையிலிருந்து இந்த கேட் கிடையாது. யாரைப் பற்றி ஓட்டோ அவர்களுக்கு மட்டும் ஓட்டில்லை. எனக்கு இருக்கிறது, கட்டைவிரலில் இருக்கிறது, ஆனால் சோப்பு நுரைக் கையால் தொட்டால் போன் என்னை மனுஷியாகவே மதிக்கவில்லை, திரை அசைய மாட்டேன் என்கிறது.

“சுகந்தி, அழுத்திட்டியா?” ஹாலிலிருந்து இவர். ரிடயர் ஆனதிலிருந்து இவருக்கு ஒரே உத்தியோகம், நான் செய்யாததை ஞாபகப்படுத்துவது. “கை ஈரமா இருக்கு.” “துடைச்சிட்டு அழுத்தேன். ஞாயித்துக்கிழமை சம்பந்தி வர்றா. பன்னெண்டு பேருக்கு நீ ஒருத்தியா தேய்ப்பியா?” “நீங்க துடைச்சு வைங்களேன்.” “எனக்கு தோள்பட்டை.” தோள்பட்டை என்று ஒன்று இவருக்கு இருப்பது வீட்டில் வேலை இருக்கும்போதுதான் எங்களுக்கெல்லாம் தெரியவரும். “எதுக்கு வம்பு, எல்லாரும் அழுத்தறா, நீயும் அழுத்து. யார் யார் என்ன போட்டான்னு பேரோட தெரியும், பாத்துக்கோ.” அதைத்தான் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். பேரோடு தெரியும். எங்கள் பி-நானூற்று மூன்று இல்லை என்று போட்டால் லிஃப்டில் யார் முகத்தைப் பார்ப்பது? லிஃப்ட் என்ன பெரிய லிஃப்ட், ஆறு பேர் நிற்கிற இரும்புப் பெட்டி, நாலு மாடி இறங்குவதற்குள் ஒருத்தர் பேசாமல் இருந்தால் உயிர் போய்விடுமா. போய்விடும். எனக்குப் போய்விடும். நான் பேசாமல் இருந்து பழகியவள் இல்லை, யாரும் என்னிடம் பேசாமல் இருந்து பழகியவளும் இல்லை.

கிண்ணங்கள் ஐந்து, கரண்டிகள் எண்ணவே வேண்டாம். இப்படி நின்றுகொண்டே கால் மரத்துப்போனால் எனக்கு ஒன்பதாம் வகுப்பு ஞாபகம் வருகிறது, திருச்சி கான்வென்ட், மதியம் மூன்றாவது பீரியட், சிஸ்டர் கிளாரிஸ் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பழைய பத்திரிகைக் கட்டு ஒன்றைத் தூக்கி வந்து, பாடத்தில் இல்லாததைப் படித்துக் காட்டினாள். அந்த நாட்டின் தெற்கே மாண்ட்காமரி என்று ஓர் ஊர். பஸ்ஸில் கறுப்பர்கள் பின்னால்தான் உட்கார வேண்டும், வெள்ளைக்காரர்களுக்கு இடம் போதவில்லை என்றால் அதையும் விட்டு எழுந்து நிற்க வேண்டும். முன்னால் ஏறிக் காசைக் கொடுத்துவிட்டு, இறங்கி, பின்கதவு வழியாக மறுபடி ஏற வேண்டும், அதற்குள் டிரைவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனாலும் போவான். ரோசா பார்க்ஸ் என்கிற ஒரு கறுப்புப் பெண் எழுந்திருக்கவில்லை. கால் வலி, பாவம் என்றாள் சிஸ்டர், அப்புறம் நானாகப் படித்தபோதுதான் தெரிந்தது, கால் வலியாவது ஒன்றாவது, பல வருஷமாக அந்த ஊர் உரிமைச் சங்கத்தில் செயலாளர் வேலை பார்த்தவள், என்ன வரும் என்று தெரிந்தே உட்கார்ந்தவள். ஆனால் அன்றைக்கு என்னைப் பிடித்துக்கொண்டது அவள்கூட இல்லை, அந்தப் பத்திரிகையில் இருந்த ஒரு படம். விடியற்காலை, ரோடு முழுக்கப் பெண்கள், கையில் பை, தலையில் தொப்பி, கோட்டுப் பொத்தானெல்லாம் ஒழுங்காகப் போட்டு, நடக்கிறார்கள். பக்கத்தில் பஸ் ஒன்று காலியாகப் போகிறது, அவளைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனதிலிருந்து ஒரு கறுப்பரும் பஸ் ஏறுவதில்லை. எல்லாம் யார்? வீட்டு வேலைக்காரிகள், சமையல்காரிகள், துணி துவைக்கிறவர்கள். முந்நூற்று எண்பத்தொரு நாள். மழையில் நடந்தார்கள், குளிரில் நடந்தார்கள், வேலை முடிந்து திரும்பவும் நடந்தார்கள், தலைவர்கள் வீட்டில் குண்டு வெடித்த மறுநாளும் நடந்தார்கள். ஒரு கல்லெடுத்து ஒரு பஸ் கண்ணாடியில் எறிந்திருந்தால் எனக்குப் புரிந்திருக்கும், நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். எல்லா மனிதரும் சமம் என்று அந்த தேசத்தைத் தொடங்கினவர்கள் எழுதி வைத்துவிட்டுப் போனார்கள், எழுதின கையோடு வீட்டில் அடிமையும் வைத்திருந்தார்கள், அந்த வாக்கியத்தை யாரும் நம்பவில்லை, எழுதினவர்களே நம்பவில்லை, நம்பினது இந்தச் சமையல்காரிகள்தான். நீ எழுதினாயே, அதன்படி நட என்று சொல்வதற்காக இவர்கள் நடந்தார்கள். எனக்கு இப்போதுகூட, இந்தப் புளிக்குழம்புச் சட்டியைத் தேய்க்கும்போதுகூட, மயிர்க்கூச்சு எடுக்கிறது. அந்த வருஷம் பேச்சுப்போட்டியில் அதைப் பேசித்தான் முதல் பரிசு வாங்கினேன். மைக் முன்னால் நின்று நான் நீதி, நீதி என்று முழங்கியபோது சாம்பல் நிறப் பாவாடை கட்டின பிள்ளைகள், சம்பளம் கட்டாத விடுதிப் பிள்ளைகள், வராந்தாவைப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். விளக்குமாற்றுச் சத்தம் தொந்தரவாக இருந்தது என்று இறங்கி வந்து சிஸ்டரிடம் புகார் சொன்னேன். சொன்னேனே. அதைப் பேச்சில் சேர்க்கவில்லை.

மணி பத்து இருபத்தைந்து. கையைத் துடைத்துப் பார்த்தேன், எண்பத்து நாலு. குக்கரைக் கழுவ வேண்டும், வேண்டாம், குக்கரை அப்புறம் கழுவிக்கொள்ளலாம், முதலில் தட்டுகள். தட்டு, தட்டு, தட்டு. குக்கர் என்றால் இந்தக் குக்கர் இல்லை, அந்தக் குக்கர். ஐந்து லிட்டர், கைப்பிடி ஆடும், நானே ஜெகதாவிடம் தூக்கிக் கொடுத்தது. ஜெகதா எங்கள் வீட்டில் எட்டு வருஷமாக வேலை செய்கிறாள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள், என்னை அக்கா என்கிறாள், நான் அவளை நீ என்கிறேன். மகள் தனிக்குடித்தனம் போகிறாள் என்றாள், பரணில் சும்மாதானே கிடக்கிறது, எடுத்துக்கொண்டு போ என்றேன். இங்கே ஒரு சட்டம், வேலை செய்கிறவர்கள் எதைக் கொண்டுபோனாலும், பழைய புடவையோ நாலு இட்லியோ, வீட்டுக்காரர் சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். கேட்டில் ஒரு மேஜை, அதன்மேல் பையைக் கொட்டிக் காட்ட வேண்டும். “சீட்டு, அக்கா,” என்றாள் ஜெகதா. எனக்குத் தூக்கம். “போ, போ, நான் கேட்டுக்கு போன் பண்ணிச் சொல்லிடறேன்.” சொல்லவில்லை. மத்தியானம் படுக்கும்போது இன்டர்காம் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிடுவது என் வழக்கம், கூரியர்காரன் தொல்லை. அப்படி வைத்துவிட்டு, மின்விசிறியை ஐந்தில் வைத்துவிட்டு, தூங்கினேன். இரண்டரையிலிருந்து நாலு மணி வரை. நான் தூங்கினேன், அவள் நின்றாள். மேஜைமேல் குக்கர், சீப்பு, மாத்திரை அட்டை, அரை மூடித் தேங்காய், ஒரு கைக்குட்டையில் சுற்றின ஏதோ, அதையும் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். மூன்று மணிக்குப் பள்ளிக்கூட வேன்கள் வரும், இந்தக் குடியிருப்புக் குழந்தைகள் முழுக்க அந்த மேஜையைத் தாண்டித்தான் உள்ளே வருகின்றன, அதில் பாதிக்கு அவள் சோறு ஊட்டியிருக்கிறாள். கேட் சூப்பர்வைசர் படம் எடுத்துக் குழுவில் போட்டுவிட்டான். எழுந்து காபி போடும்போது பார்த்தேன். குக்கரை முதலில் அடையாளம் தெரிந்தது. அவளை அப்புறம்தான்.

உடனே கேட்டுக்கு போன் பண்ணினேன், பண்ணாமல் இல்லை. “நான்தான்பா குடுத்தேன், விட்டுடு.” “சொல்லியிருக்கலாமே மேடம், நாலு தடவை அடிச்சோம்.” விட்டுவிட்டான். குழுவில் எழுதினேனா? அதுதான். அதற்குள் படத்துக்குக் கீழே இருபது பேர், இதுங்களை நம்பவே கூடாது, என் வெள்ளிக் குங்குமச்சிமிழ்கூட இப்படித்தான், நல்ல வேளை பிடித்தார்கள். இந்த இருபது பேருக்கும் நடுவில் போய், நான் தூங்கிவிட்டேன் என்று எப்படி எழுதுவது? நாளைக்கு எழுதலாம் என்று நினைத்தேன். மறுநாள் செவ்வாய்க்கிழமை. நாற்பத்து மூன்று பேருக்கும் ஜுரம். அப்புறம் சபேசன் தீர்மானத்தில் எழுதினார், சமீபத்தில் கேட்டில் கையும் களவுமாகப் பிடிபட்ட சம்பவத்தை முன்னிட்டு என்று. கையும் களவுமாக. என் குக்கர். நான் வாய் திறக்காத ஒவ்வொரு நாளும் அவள் ஒரு நாள் கூடுதலாகத் திருடியானாள். வாய் என்றால் எனக்கு இல்லாத வாயா, காய்கறிக்காரன் நடுங்குவான், டாக்டர் நடுங்குவார், ஒன்பது நாளாக அந்த வாயை வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன், வெண்டைக்காய் முற்றல் என்று சண்டை போட்டேன்.

சட்டியில் தண்ணீர் ஊற்றி ஊற வைக்கிறேன். நான்காம் நாள் பண்ணின காரியம் இதைவிட மோசம். அந்த மாண்ட்காமரிக் கதையில் சிஸ்டர் சொல்லாத ஒரு பகுதி இருக்கிறது, ரொம்ப வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அந்தப் பெண்கள் எல்லோரும் முழு தூரமும் நடக்கவில்லை. அவர்கள் வேலை பார்த்த வீட்டு வெள்ளைக்கார அம்மாக்களே காரை எடுத்துக்கொண்டு போய் வழியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். எல்லோரும் நீதிக்காக என்று சொல்ல முடியாது, சிலர் அதற்காக, பலர் பாத்திரம் குவிந்துவிட்டது என்பதற்காக. மேயர், ஏற்றாதீர்கள், நீங்கள் ஏற்றுவதால்தான் இது முடியவே மாட்டேன் என்கிறது என்று கெஞ்சினார். அந்த அம்மாக்கள், அப்படியானால் மேயர் வந்து என் வீட்டைப் பெருக்கட்டும் என்றார்களாம். படித்துவிட்டுச் சிரித்தேன். இத்தனை வருஷமாக அந்தக் கதையில் நான் எங்கே என்று கேட்டால் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன், இல்லாவிட்டால் ரோட்டில் தொப்பி போட்டு நடந்துகொண்டிருக்கிறேன். காரில் இருப்பவள் நான் என்று தோன்றவே இல்லை. தோன்றின அன்றைக்கு என்ன பெருமை, சரி, நானும் ஏற்றிக்கொண்டு வருகிறேன் என்று ஜெகதாவுக்கு போன் போட்டேன். “நீ மெயின் ரோட்டுக்கு வந்து நில்லு, நான் கார்ல கூட்டிண்டு வந்துடறேன். பேஸ்மென்ட் வழியா வந்தா மேஜையே கிடையாது, யாருக்கும் தெரியாது.” அந்தப் பக்கம் குழந்தை அழுகிற சத்தம், குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம். “எனக்கு ஜுரம்க்கா.” “நாலு நாளாவா?” “எல்லாருக்கும்தான்க்கா.” “எப்ப சரியாகும்?” “அந்த மேஜையை எடுத்தா சரியாப்பூடும்னு பேசிக்கிறாங்க.” குழாயை மூடிவிட்டு, “நா மட்டும் காருக்குள்ள பூந்து வந்தா, மத்தவங்க மூஞ்சிய எப்படிக்கா பாக்கறது?” லிஃப்டில் யார் முகத்தைப் பார்ப்பது என்று நான் பயந்துகொண்டிருக்கிற அதே கேள்வி. அவளுக்கு அது மானமாக இருக்கிறது, எனக்கு பயமாக. அந்த அம்மாக்களின் கார் அந்தப் போராட்டத்தை நடக்க வைத்தது, என் கார் இவர்களை உடைத்திருக்கும். நல்லது செய்கிறேன் என்று கிளம்பும்போதுகூட நான் மேயர் பக்கமாகத்தான் ஓட்டியிருக்கிறேன். “குக்கராவது எடுத்துண்டு போனியா?” என்று கேட்டேன். “இல்லக்கா. அங்கதான் கெடக்குது. நா தொடல.” கோபமே இல்லாமல் சொன்னாள். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பத்து நாற்பது. தொண்ணூற்று மூன்று. இன்னும் பதினாலு. அந்த அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பர்கள் ஓட்டுப் பதியப் போனால் கேள்வித்தாள் கொடுப்பார்களாம், அரசியல் சட்டத்தில் ஒரு பத்தியைக் காட்டி விளக்கு என்பார்களாம், எது சொன்னாலும் தப்பு. போனவர்களுக்கு மறுநாள் வேலை போகும், கடையில் சாமான் தர மாட்டார்கள், வீட்டுமேல் சுடுவார்கள், அப்படியும் அடுத்த வாரம் இஸ்திரி போட்ட உடுப்போடு வரிசையில் வந்து நிற்பார்கள். எனக்கு என்ன போகும்? தம்போலா ஆட்டத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். கொலுவுக்கு நாலு வீட்டில் வெற்றிலை பாக்கு குறையும். இதற்கா ஒன்பது நாள்? முந்தானையில் கையை நன்றாகத் துடைத்து, விரல் நுனியை அடுப்பு மேடைத் துணியில் இன்னொரு தரம் துடைத்து, எழுதினேன்: கேட்டில் நடந்தது ஒரு சிறிய தவறான புரிதல். அழித்தேன். யாருடைய புரிதல்? சீட்டு எழுதப்படவில்லை. அழித்தேன். சீட்டு என்ன தானாக எழுதிக்கொள்ளுமா? எழுதாதவள் யார்? கான்வென்டில் இதற்கெல்லாம் நல்ல வாக்கியங்கள் சொல்லித் தருவார்கள், யாரும் எதையும் செய்யாமலே எல்லாம் நடந்து முடிகிற வாக்கியங்கள். “என்ன எழுதற?” இவர் சமையலறை வாசலில் நிற்கிறார். “நடந்ததை.” “சுகந்தி, வேண்டாம். சபேசன் பெரிய இடத்து ஆள். நமக்கு எதுக்கு?” “குக்கர் நம்மளது.” “யாருக்குத் தெரியும்?” “எனக்கு. உங்களுக்கு. அவளுக்கு. நாற்பத்து மூணு பேருக்கு. சபேசனுக்குத்தான் தெரியாது.” எழுதினேன். படத்தில் இருக்கும் குக்கர் என்னுடையது. நானே ஜெகதாவுக்குக் கொடுத்தேன். சீட்டு எழுதச் சோம்பல்பட்டேன், இன்டர்காமை எடுத்து வைத்துவிட்டுத் தூங்கினேன், அவர் ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்றார். அவர் திருடவில்லை. ஒன்பது நாள் இதைச் சொல்லாமல் இருந்ததற்கு வெட்கப்படுகிறேன். அந்த மேஜையை எடுக்க வேண்டும், தீர்மானத்துக்கு என் ஓட்டு இல்லை. சுகந்தி, பி-நானூற்று மூன்று. அனுப்பிவிட்டேன். அனுப்பிவிட்டு, யாரோ துரத்துகிற மாதிரி நாலு டம்ளரைத் தேய்த்தேன்.

சபேசன் இரண்டே நிமிஷத்தில் குழுவில் வந்தார், மேடம் இது உணர்ச்சிவசப்படுகிற நேரமில்லை, விதி எல்லோருக்கும் பொது. எல்லோருக்கும் பொதுவென்றால் உங்கள் பையையும் கொட்டுங்கள், எந்த மேஜை என்று நான் காட்டுகிறேன் என்று பாதி எழுதிவிட்டேன், கை துறுதுறுவென்கிறது, நாக்கு அதைவிட, வேண்டாம், வேண்டாம், அந்தப் பெண்களைப் பார், மேலே எச்சில் துப்பினபோதும் பேசாமல் நடந்தார்கள், எனக்கு ஒரு செயலாளரைப் பொறுக்க முடியவில்லையா? அழித்தேன். என் வாழ்க்கையில் நான் அழித்த முதல் பதில். நூற்றொன்று. அப்புறம் டி பிளாக்கிலிருந்து ஒரு பெண், நாயைக் கூட்டிக்கொண்டு லிஃப்டில் வருகிறாள் என்று நான் மூன்று தரம் புகார் கொடுத்தவள், எழுதினாள்: எனக்கு இது தெரியாது, நான் ஓட்டை மாற்றிக்கொள்கிறேன். நூறு. தொண்ணூற்றொன்பது. தொண்ணூற்றெட்டு. பதினொன்றுக்கு அது தொண்ணூற்றெட்டிலேயே நின்றது. போதுமான ஓட்டு வராததால் ஞாயிற்றுக்கிழமை நேரில் கூடிக் கையுயர்த்தி முடிவெடுப்போம் என்று சபேசன் அறிவித்தார். முடியவில்லை. தள்ளித்தான் போயிருக்கிறது. “சம்பந்தி வர்ற அன்னிக்கே வெச்சுட்டான் பாரு,” என்றார் இவர், ஏதோ நான் தேதி குறித்த மாதிரி.

பதினொன்றரைக்கு ஜெகதா கூப்பிட்டாள். நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன், பொய் சொல்வானேன், நன்றி சொல்வாள், நான் அதெல்லாம் எதுக்கு என்று சொல்ல வேண்டும் என்று வாக்கியம்கூடத் தயாராக இருந்தது. “எழுதிட்டீங்களாமே.” “ஆமா.” “கேட்ல இருக்கற பையன் சொன்னான். படிச்சும் காட்டுனான்.” பின்னால் நாலைந்து பெண்கள் குரல், ஒருத்தி ஏதோ சொல்ல மற்றவர்கள் சிரித்தார்கள். “என்ன சிரிப்பு?” “ஒண்ணுமில்லக்கா, தூங்கிட்டேன்னு எழுதியிருக்கீங்களே, அதுக்கு.” நானும் சிரித்தேன், வேறு வழி? அப்புறம் அவள் குரல் மாறியது, பள்ளிக்கூடத்தில் வருகைப்பதிவு எடுக்கிற குரல். “அக்கா, எனக்கு மட்டும் எழுதியாச்சு. அந்த மேஜையில நின்னது நா மட்டும் இல்ல. ஏ பிளாக்ல இருநூத்தி ஆறு, நாகம்மா, அவங்க வூட்டம்மா குடுத்த கொலுசு, சீட்டு இல்ல, போலீஸ் வரைக்கும் பேச்சு போச்சு. சி பிளாக்ல அமலி, ஒரு டப்பா நெய். டி பிளாக்ல பெரிய ராணி. அந்தந்த வூட்டம்மாங்களும் எழுதணும். ஞாயித்துக்கெழமைக்குள்ள. எங்க பேச்சை எடுக்க மாட்டாங்க, நீங்க போய்ச் சொல்லுங்க.” கேட்கவில்லை அவள், வேலை சொன்னாள். எட்டு வருஷமாக நான் அவளுக்குச் சொன்ன அதே தொனி, இன்னும் கொஞ்சம் மரியாதையாக. “பொறு, பேனா எடுத்துக்கறேன்,” என்றேன். மளிகை லிஸ்ட் பின்பக்கம் மூன்று பிளாக்கும் மூன்று பெயரும் எழுதிக்கொண்டு, புடவையில் சோப்புத் தண்ணீர் ஈரத்தோடு அப்படியே கிளம்பினேன். லிஃப்டில் இரண்டு பேர் இருந்தார்கள். பேசவில்லை. இறங்கினேன், உயிர் போகவில்லை. ஏ பிளாக், இருநூற்று ஆறு. மணியை அழுத்தினேன். அந்த அம்மாளை எனக்குத் தெரியும், நவராத்திரிக்குப் பட்டுப்புடவையில் பார்த்திருக்கிறேன், இன்றைக்கு நைட்டியில், நெற்றியெல்லாம் வியர்வை. “உங்க வீட்டு நாகம்மாவைப் பத்திப் பேசணும்,” என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், உள்ளே திரும்பிப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். “எந்த நாகம்மா?” என்றாள். சொல்வதற்கு என் நாக்கு நுனியில் பத்து வார்த்தை வந்து நின்றது. ஒன்றையும் சொல்லாமல், அவளுக்கு ஞாபகம் வருகிற வரைக்கும், வாசலிலேயே நின்றேன்.